ரிப்பேர் செய்துவிட்டுப் போன திருடன்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை பிற்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த எம்பிராய்டரி பட்டறையின் உரிமையாளர் கடையிலிருந்து கிளம்பிப் போனார். இருட்டுவதற்குள் அவருடைய ஸ்கூட்டர் வாய்க்கால் பாலத்தின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தார்கள். கீழே, கரைச் சேற்றில், அவருடைய செருப்புகள் கிடந்தன.

உடல் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவருடைய தம்பியைக் கைது செய்தார்கள்.

தம்பி கைதான பிறகு, காணாமல் போனவரின் மனைவி சர்வேயரைத் தேடி வந்தாள். சர்வேயர் என்பது பெயரல்ல. காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக எரிந்த கிடங்குகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்வையிட்டு, எது தானாக நடந்தது, எது நடத்தப்பட்டது என்று சொல்லிவந்த பெண்மணி அவர். வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் அந்தப் பட்டம் கூடவே வந்துவிட்டது. அவருடைய உதவியாளன் முன்பு கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன். அவனை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்கள் அவனுடன் ஒருமுறைகூடப் பேருந்தில் போனதில்லை.

இப்போது மூன்று பேரும் பட்டறையில் இருந்தார்கள். நீளமான ஒற்றை அறை. சுவரெல்லாம் நூல்கண்டுகள், நிறவாரியாக. நடுவில் ஆறு தலை எம்பிராய்டரி மிஷின், துணி போர்த்தப்பட்டு. பள்ளி பேட்ஜ், ஹோட்டல் துண்டு, கம்பெனி தொப்பி இவைதான் இங்கே தொழில். வாசலுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பேருந்து நிலைய அறிவிப்பைப் போல ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசினாள்.

"கொழுந்தன் பண்ணலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். போலீஸ் காவல் நாளைக்கு முடியுது. அப்புறம் ஜெயில்தான்னு வக்கீல் சொல்றார். ஜெயிலுக்குப் போயிட்டா எடுக்க மாசக்கணக்காகுமாம்."

"போலீஸ் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"ரெண்டு பேரும் தெருவுல சண்டை போட்டதை எல்லாரும் பாத்திருக்காங்க. பெரிய ஆர்டர் ஒண்ணு வந்துச்சு, இவர் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டார். அதுக்குத்தான் கொழுந்தன் கத்தினான். அப்புறம் கம்ப்யூட்டர்ல இருந்த டிஸ்க் காணோம். டிசைன் எல்லாம் அதுலதான். அதை வெளியில விக்கறதுக்காக அண்ணனைத் தள்ளிவிட்டுட்டு எடுத்துட்டான்னு சொல்றாங்க."

"டிஸ்க் காணோம்னு கண்டுபிடிச்சது யாரு?"

"கொழுந்தன்தான். இவர் காணாம போன மறுநாள் மிஷினை ஓட்டலாம்னு உக்காந்தான். ஓடலை. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டான். அவர் பெட்டியைத் திறந்தார், உள்ள டிஸ்க் இல்லை."

"திருடினவனே சர்வீஸ்காரரைக் கூப்பிடுவானா?" என்றான் ரேடியோ. "எங்க ஏரியாவுல திருடனுங்க இவ்வளவு பொறுப்பா இருந்ததில்லையே."

"நாடகம்னு சொல்றார் இன்ஸ்பெக்டர்."

"இன்ஸ்பெக்டர் நிறைய நாடகம் பாப்பார் போல."

மனைவி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவன் பேசியது காதில் விழுந்ததற்கான அடையாளமே அவள் முகத்தில் இல்லை.

சர்வீஸ்காரர் அதற்குள் வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் நான்கு ஸ்க்ரூடிரைவர்கள், முகத்தில் ஏற்கெனவே போலீசுக்கு மூன்று முறை பதில் சொன்ன அலுப்பு. பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிக் காட்டினார்.

"பாத்துக்குங்க. மொத்தம் ரெண்டு டிஸ்க். புதுசு இதோ இருக்கு. பழசு இங்க இருந்துச்சு, இப்ப கேபிள் மட்டும் தொங்குது. பழசுல பழைய சிஸ்டம். இந்த மிஷினோட சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்துலதான் ஓடும், புதுசுல ஏறாது. புது டிஸ்க்குல வேற சிஸ்டம், பில் போட, மெயில் பாக்க. ஆன் பண்ணா எது வேணும்னு மெனு கேக்கும். முதல் வரி மிஷினுக்கு. ரெண்டாவது வரி பில்லுக்கு."

"இந்த ஏற்பாடு யார் பண்ணது? நீங்களா?"

"ஐயோ, இல்லை. ஓனரே பண்ணது. நான் பண்ணியிருந்தா இப்படிப் பண்ணியிருக்கவே மாட்டேன்." சர்வீஸ்காரரின் முகத்தில் அலுப்பு போய் சூடு வந்தது. "மெனுவோட தலையை, அதான் ஆன் பண்ணதும் முதல்ல எழுந்திருக்கற பாகத்தை, பழைய டிஸ்க்குல போட்டிருக்கார், உடம்பைப் புது டிஸ்க்குல போட்டிருக்கார். ரெண்டும் சேந்திருந்தாத்தான் வண்டி கிளம்பும். நெட்டைப் பாத்து பண்ணா இப்படித்தான். போன வருஷம் பவர் சப்ளை மாத்தும்போது பழைய டிஸ்க்குக்குக் கேபிள் குத்த மறந்துட்டேன். பொட்டி எழுந்திருக்கவே இல்லை. கறுப்புத் திரை. அரை நாள் என் உயிரை எடுத்துச்சு."

ரேடியோ அப்போதுதான் கம்ப்யூட்டரை ஆன் செய்திருந்தான். திரையில் மெனு வந்தது. இரண்டு வரிகள். அவன் அதைப் பார்த்தான், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான், பிறகு சர்வீஸ்காரரைப் பார்த்தான்.

"அண்ணே. இப்ப பழைய டிஸ்க் இல்லை."

"இல்லை."

"தலை அதுலதான் இருந்துச்சு."

"ஆமா."

"அப்ப இது எப்படி எழுந்திருச்சு?"

சர்வீஸ்காரர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"அட," என்றார்.

"அன்னிக்கு நீங்க வந்தப்பவும் இப்படித்தான் எழுந்திருச்சுதா?" என்று கேட்டார் சர்வேயர்.

"ஆமா. மெனு வந்துச்சு. முதல் வரி வேலை செய்யலைன்னு சொன்னாங்க, பெட்டியைத் திறந்தேன், டிஸ்க் இல்லை, எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. நான் அதைப் பத்தி யோசிக்கவே இல்லை மேடம்."

"மூணு தடவை போலீஸ் விசாரிச்சும் யோசிக்கலை," என்றான் ரேடியோ.

"அவங்க டிஸ்க் எங்கன்னுதான் கேட்டாங்க. இது எப்படி ஓடுதுன்னு கேக்கலையே."

சர்வேயர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்தார். "ரேடியோ, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கம்மியா சொல்லு."

"டிஸ்க்கைக் கழட்டினதும் இது படுத்திருக்கணும் மேடம். படுக்கலை. ஏன்னா கழட்டினவன் அதோட போகலை. ஒரு பென்டிரைவைச் சொருகி, அதுலேருந்து கிளப்பி, புது டிஸ்க்குல ஒரு புதுத் தலையை முளைக்க வெச்சுட்டுப் போயிருக்கான். தெரிஞ்சவனுக்கு அரை மணி நேர வேலை. திருடன்னா கதவை உடைச்சுட்டுப் போவான். இவன் கதவுக்கு எண்ணெய் போட்டு, கீல் கிறீச்சுங்குதான்னு ஆட்டிப் பாத்துட்டுப் போயிருக்கான்."

"நீங்களா?" என்று சர்வேயர் சர்வீஸ்காரரைக் கேட்டார்.

"நானா? சத்தியமா இல்லை மேடம். நான் பண்ணியிருந்தா அந்த முதல் வரியை எடுத்திருப்பேன். டிஸ்க்கே இல்லாதப்ப அந்த வரி எதுக்கு? அசிங்கமா இருக்கு."

கொலை வழக்கில் மாட்டிக்கொள்வதைவிட அரைகுறை வேலை செய்தவன் என்று பெயர் வாங்குவதுதான் அவருக்கு அதிகம் உறுத்தியது என்று தெரிந்தது. சர்வேயர் அவரை நம்பினார்.

ரேடியோ முதல் வரியைத் தேர்ந்தெடுத்து என்டரைத் தட்டினான். திரை ஒருமுறை கண் சிமிட்டியது. மறுபடி அதே மெனு. இன்னொரு முறை தட்டினான். மறுபடி மெனு.

"பழைய வரியை எடுக்க மறந்திருப்பான், அப்படித்தானே?" என்றார் சர்வேயர்.

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஒரு நிமிஷம்." அவன் ஒரு விசையை அழுத்தினான். அந்த வரியின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டும் பக்கம் திறந்தது. பக்கம் காலியாக இருந்தது.

ரேடியோ விசிலடித்தான். "பழைய வரின்னா உள்ள நாலஞ்சு கட்டளை இருக்கணும். எந்த டிஸ்க்குக்குப் போ, எதை எழுப்புன்னு. இதுல ஒண்ணுமே இல்லை. வெறும் பேரு மட்டும். மறந்து விட்டுட்டுப் போனதில்லை மேடம், உக்காந்து கையால எழுதி வெச்சிருக்கான். கதவு மாதிரி பெயின்ட் அடிச்ச சுவரு."

சர்வேயர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"காலையில இதை ஆன் பண்றது நீங்கதானே?"

"ஆமா."

"எப்படிப் பண்ணுவீங்கன்னு காட்டுங்க. தினமும் எப்படியோ அப்படியே."

மனைவி எழுந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்தாள். ஆன் செய்த கை அப்படியே கீபோர்டுக்குப் போனது. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. திரையில் மெனு வந்த கணத்தில் அவள் விரல் கீழ் அம்புக்குறியை ஒரு முறை அழுத்தியது, என்டரைத் தட்டியது. அதற்குள் இன்னொரு கை ஜன்னல் கொக்கியைத் திறந்துகொண்டிருந்தது. அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை வருஷமா இப்படி?"

"இது வந்ததிலேருந்து. கீழ ஒண்ணு, என்டர். அப்புறம் ஜன்னல், அப்புறம் லைட்."

"முதல் வரியை எடுத்திருந்தா மெனு ஒத்தை வரியா நின்னிருக்கும்," என்றார் சர்வேயர் மெதுவாக, ரேடியோவிடம் சொல்வதைப் போல. "இல்ல மெனுவே வராம நேரா பில்லுக்குப் போயிருக்கும். ஏதோ மாறியிருக்குன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பண்ணவன் அதை விரும்பலை. இந்த அம்மாவோட விரல் தினமும் எங்க போகுமோ அங்கயே போகட்டும்னு நினைச்சிருக்கான். இவங்க விரலைத் தெரிஞ்சவன்."

சர்வீஸ்காரர் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையில," என்றார் சர்வேயர், "அவர் கிளம்பிப் போன அன்னிக்கு. இதை ஆன் பண்ணப்ப எதுவும் வித்தியாசமா இருந்துச்சா?"

"இல்லை. எல்லாம் எப்பவும் போலத்தான்." மனைவி நூல்கண்டு ஒன்றை நேராக வைத்தாள். "சத்தம்தான் இல்லை."

"என்ன சத்தம்?"

"ஆன் பண்ணா கொர்ருன்னு ஒரு சத்தம் வரும். அன்னிக்கு வரலை. நான் இவர்கிட்ட சொன்னேன். என்ன இது, கம்ப்யூட்டர் ஊமையாயிடுச்சுன்னு. இவர் அங்க நின்னு டீ குடிச்சிட்டிருந்தார். உள்ள தூசி துடைச்சு வெச்சேன், அதான்னார்."

புதிய டிஸ்க்குக்குச் சத்தம் கிடையாது. சுழலும் பாகம் உள்ள பழைய டிஸ்க்தான் கொர்ரென்று எழும். அது சர்வீஸ்காரருக்குத் தெரியும், ரேடியோவுக்குத் தெரியும். மனைவிக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. மூன்று முகங்களையும் பார்த்தபோது அவளுக்கும் தெரிந்தது.

"அப்ப அந்த டிஸ்க்," என்றாள்.

"ஆமாம்மா. அவர் டீ குடிச்சிட்டிருந்தப்பவே அது உள்ள இல்லை. இல்லைங்கிறதும் அவருக்குத் தெரியும்."

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று ரேடியோ எதிர்பார்த்தான். தண்ணீர் பாட்டிலைக் கூடக் கையில் எடுத்துவிட்டான். அவள் அழவில்லை.

"தூசி துடைக்கற ஆளே இல்லை அவர்," என்றாள். அவ்வளவுதான்.

சர்வேயர் தெருவுக்கு வந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேடம், கொர்ருன்னு சத்தம் வரலைங்கிறதை வெச்சு நான் ஒருத்தனை வெளிய விட முடியாது. அந்தம்மா கொழுந்தனைக் காப்பாத்த என்ன வேணா சொல்லும். அந்த ஆள் உயிரோட இருக்கான்னா கூட்டிட்டு வாங்க. நாளைக்குள்ள. இல்லேன்னா எனக்கு செருப்பு இருக்கு, ஸ்கூட்டர் இருக்கு, சண்டை இருக்கு."

உள்ளே திரும்பியபோது ரேடியோ எம்பிராய்டரி மிஷினைச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

"மேடம், செத்துப்போகப் போறவன் டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போக மாட்டான். மேலோகத்துல எம்பிராய்டரி ஆர்டர் எதுவும் இருக்கறதா நான் கேள்விப்பட்டதில்லை. வேற எங்கயோ இதே மாதிரி மிஷின் இருக்கு. அதை ஓட்டத்தான் எடுத்துட்டுப் போயிருக்கார். புது ஆர்டரைத் திருப்பி அனுப்பினதும் அதுக்குத்தான்."

"எங்கயோன்னா எங்க? உலகம் பெருசு."

"பெருசுதான். ஆனா அந்த டிஸ்க் இன்னொரு பொட்டியில போய் உக்காந்தா என்ன ஆகும்?" அவன் சர்வீஸ்காரரைப் பார்த்தான்.

சர்வீஸ்காரர் யோசித்தார். "படுத்துடும். தலை மட்டும்தானே போயிருக்கு, உடம்பு இங்க இருக்கு. தலை உடம்பைத் தேடும். கிடைக்காது. கறுப்புத் திரையில ரெஸ்க்யூன்னு ஒரு வார்த்தையைப் போட்டுட்டு நிக்கும்."

"காப்பாத்துங்கன்னு அதுவே கேக்குது பாருங்க, எவ்வளவு மரியாதை. அதை சரி பண்ண என்ன வேணும்?"

"பழைய சிஸ்டத்தோட சிடி வேணும். இங்க பண்ண மாதிரி பென்டிரைவ் வித்தை அங்க ஆகாது. ஒரிஜினல் சிடியைப் போட்டுத்தான் அந்தத் தலையை அழிச்சுட்டு சிஸ்டத்தோட சொந்தத் தலையை வைக்கணும்."

"அந்த சிடி எங்க?" என்று சர்வேயர் மனைவியைக் கேட்டார்.

மனைவி கையால் காட்டினாள். நூல் சுற்றும் மேஜை ஒரு காலில் ஆடக்கூடாது என்பதற்காக அடியில் எதையோ மடித்துக் கொடுத்திருந்தார்கள். ரேடியோ மண்டியிட்டு அதை இழுத்தான். இரண்டாக மடித்த அட்டை, அதற்கு நடுவில் ஒரு சிடி. மேஜைக்காலின் வட்டம் அதில் பதிந்திருந்தது. விளிம்பிலிருந்து நடு ஓட்டை வரை ஒரு விரிசல்.

"மேஜை ரொம்ப ஆடுச்சு," என்றாள் மனைவி. "அவர்தான் வெச்சார்."

"மேஜை நல்லா நிக்குதுக்கா. மத்ததுதான் எல்லாம் ஆடுது," என்றான் ரேடியோ.

சர்வேயர் சிடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப அவர்கிட்ட சிடி இல்லை. போன இடத்துல கறுப்புத் திரை வந்திருக்கும். வெளிய யார்கிட்டயாவது போயிருக்கணும். அந்தக் காலத்து சிடியை இன்னும் வெச்சிருக்கிற ஆள்கிட்ட."

"அதுக்குத்தான் எங்க குரூப் இருக்கு மேடம்," என்றார் சர்வீஸ்காரர். சொல்லும்போதே போனை எடுத்துவிட்டார். சுற்றுப்பட்டு ஊர்களின் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸாப் குழு அது. குரலில் ஒரு செய்தி போட்டார்: எம்பிராய்டரி சாஃப்ட்வேர் உள்ள பழைய டிஸ்க், ரெஸ்க்யூ என்று நிற்கிற பொட்டி, இந்த மாதத்தில் யாரிடமாவது வந்ததா?

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் கும்பிடும் கை அனுப்பினார். ஒருவர் பிரின்டர் விற்கப் பார்த்தார். ஒருவர், "என்னையே யாராவது ரெஸ்க்யூ பண்ணுங்கப்பா" என்றார். அதற்குப் பதினோரு பேர் சிரித்தார்கள்.

பிறகு மியூசியத்திடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. எதையும் தூக்கிப் போடாத ஆள் என்பதால் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர். அவர் இருந்தது பக்கத்து மாவட்டத்தில்.

"எங்கிட்ட வந்துச்சுப்பா. டயர் கடை மாடியில புதுசா தொப்பிக்கு எம்பிராய்டரி போடறாங்க, அங்கேருந்து. சிடி நான்தான் போட்டு சரி பண்ணேன். கொண்டு வந்த ஆள் விவரமானவர், பாதி வேலை அவரே பண்ணியிருந்தார். ஏன், எதாவது பிரச்சனையா?"

சர்வேயர் தன் பையை எடுத்துக்கொண்டார். மனைவி எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் வர்றீங்களா?"

"இல்லை," என்றாள். "மூணு மணிக்கு கொழுந்தனுக்கு மாத்துத் துணி கொடுக்க ஸ்டேஷன்ல விடுவாங்க. அங்க போகணும்."

பேருந்தில் ரேடியோ ஜன்னலோரத்தில் உட்கார்ந்தான். முதல் நிறுத்தம் வரை பேசவில்லை.

"மேடம், எனக்கு ஒண்ணு புரியலை. விட்டுட்டுப் போகணும்னா போக வேண்டியதுதானே. எதுக்கு சரி பண்ணி வெச்சுட்டுப் போகணும்?"

"தீ வெக்கறதுக்கு முன்னாடி வளர்ப்புப் பூனையை வெளிய விட்டவங்களை நான் பாத்திருக்கேன். அதை வெச்சுத்தான் பிடிப்போம்."

"அந்த அக்கா பூனை இல்லையே."

"இல்லை," என்றார் சர்வேயர்.

டயர் கடை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. மாடிப்படியின் கைப்பிடியில் கறுப்பு மசி. மேலே ஏறும்போதே மிஷினின் சத்தம் கேட்டது, ஒரே தாளத்தில், நிற்காமல். கதவு திறந்திருந்தது. பட்டறையில் துணி போர்த்திக் கிடந்த அதே மாதிரி மிஷின், இரண்டு தலை மட்டும். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், மூடி போடாமல், உள்ளே சுழலும் டிஸ்க் வெளியே தெரிய. நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மீசையை எடுத்திருந்தார். மனைவி கொடுத்த படத்தில் மீசை இருந்தது. மற்றபடி அதே ஆள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சர்வேயர் தாங்கள் யார் என்று சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஓடவில்லை. உட்காரச் சொல்லி இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கம்ப்யூட்டர் சரியா ஓடுச்சு," என்றார் சர்வேயர். "ஓடியிருக்கக் கூடாது."

அவர் தலையசைத்தார். "காலையில பில் போடணும் அவ. பத்து மணிக்குள்ள மூணு ஹோட்டலுக்குப் போகணும். கறுப்புத் திரை வந்தா என்ன பண்ணுவா? அதான் சரி பண்ணி வெச்சேன்."

"வேற பொண்ணா?"

"எல்லாரும் அதைத்தான் கேப்பாங்கன்னு தெரியும். இல்லை. இந்த இடம் எங்கூட படிச்சவனோடது. அந்த நூல் அலமாரிக்குப் பின்னாடி படுத்துக்கறேன்."

"அப்ப ஏன்?"

அவர் கேள்வியை நேர்மையாகவே யோசித்தார். "தெரியலைங்க. ஒரு நாள் காலையில கண்ணு முழிச்சேன். யார் வீட்லயோ தங்கியிருக்கற மாதிரி இருந்துச்சு. மறுநாளும் அப்படியே இருந்துச்சு. யார் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. போறேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. சொல்ல ஒண்ணும் இல்லை. செத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டா கேக்க ஆள் இருக்காதுல்ல."

"உங்க தம்பி லாக்கப்ல இருக்கான்."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "பேப்பர்ல பாத்தேன். உடம்பு கிடைக்கலேன்னா விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

ரேடியோ நாற்காலியிலிருந்து எழுந்தான். மாடி வாசலுக்குப் போய் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நின்றான்.

சர்வேயர் இன்ஸ்பெக்டருக்கு வீடியோ அழைப்பு போட்டுப் போனைத் திருப்பினார். இன்ஸ்பெக்டர் திரையில் தெரிந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார். பெயரைச் சொல்லச் சொன்னார். அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார். ஸ்கூட்டர் நம்பரைக் கேட்டார். பிறகு, "கூட்டிட்டு வாங்க," என்றார்.

"இந்தத் தொப்பி ரெண்டும் முடிஞ்சிடட்டுமா?" என்று கேட்டார் அவர். "பாதியில நிறுத்தினா துணி வீணாயிடும்."

மூவரும் காத்திருந்தார்கள். தொப்பிகள் முடிந்தன. அவர் நூலை வெட்டி, கீழே விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி, மிஷினை அணைத்துவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டார். புதுச் செருப்பு.

பேருந்து கிளம்பும் முன் சர்வேயர் மனைவிக்குப் போன் செய்தார். ஆள் கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், ஸ்டேஷனுக்குக் கூட்டி வருகிறோம் என்று சொன்னார். எங்கே, யாரோடு, எப்படி இருக்கிறார் என்ற கேள்விகளுக்குப் பதில் தயாராக வைத்திருந்தார். மறுமுனையில் ஸ்டேஷன் வராந்தாவின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"கொழுந்தனை எப்ப விடுவாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இன்னிக்கே விட்டுடுவாங்க."

"சரி. நான் இங்கயே இருக்கேன்."

ஸ்டேஷனில் அவர் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தானாகப் போனதாகவும், தன்னை யாரும் எதுவும் செய்யவில்லை என்றும், ஸ்கூட்டரையும் செருப்பையும் தானே விட்டதாகவும் எழுதினார். போலீசை அலைக்கழித்ததற்கு எச்சரித்து அனுப்பினார்கள். அவர் வராந்தா வழியாக வெளியே வந்தபோது மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு நிமிடம் நின்றார். அவள் மடியில் இருந்த துணிப்பையை நகர்த்திப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். அவர் உட்காரவில்லை. பேருந்து நிலையத்தை நோக்கி நடந்து போனார்.

சிறிது நேரத்தில் தம்பியை விட்டார்கள். சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. "அண்ணி, அண்ணன் எங்க? உள்ள பேசிக்கிட்டாங்களே, வந்திருக்காராமே?" என்று கேட்டான். போய்விட்டார் என்று அவள் சொன்னாள். துணிப்பையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டான்.

வழக்கு மறுநாள் மூடப்பட்டது.